நிலமறிந்து கட்டிய வீடு

திருநெல்வேலி மாவட்டத்தின் தென்கோடியில், மன்னார் வளைகுடாவின் கரையோரம் அமைந்துள்ள கூடங்குளத்தை வெளியுலகம் அறிந்தது அணுமின் நிலையத்தால்தான். 1988 நவம்பரில் இந்தியாவும் சோவியத் ஒன்றியமும் செய்துகொண்ட உடன்பாட்டில் தொடங்கி, 2013 அக்டோபரில் முதல் உலை மின்தொகுப்பில் இணைந்தது வரையிலான கால் நூற்றாண்டில் இந்த ஊரைப் பற்றிப் பேசப்பட்டவை பெரும்பாலும் உலையையும் அதன் பாதுகாப்பையும் அதற்கெதிரான போராட்டத்தையும் சுற்றியே அமைந்தன. நிழல் குறைந்த, காற்று மிகுந்த, மழை அருகிய இந்த நிலத்தில், மின்சாரம் என்ற ஒன்றே இல்லாத காலத்தில், மக்கள் எத்தகைய வீடுகளைக் கட்டி வெயிலையும் புழுக்கத்தையும் தாங்கி வாழ்ந்தார்கள் என்ற கேள்வி அந்தப் பேச்சில் இடம்பெறவே இல்லை. ஆண்டுதோறும் வெப்பம் ஏறிவரும் இக்காலத்தில், தமிழக அரசே 2024-இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்துவிட்ட நிலையில், அந்தக் கேள்வி வரலாற்று ஆர்வத்துக்குரியது மட்டுமன்று. இனிக் கட்டப்படும் வீடுகள் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கான விடையும் அதற்குள் இருக்கிறது.

நிலம் விதித்த நிபந்தனைகள்

கூடங்குளம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 8 பாகையில் உள்ளது. ஏப்ரல் இரண்டாம் வாரத்திலும் ஆகஸ்ட் இறுதியையொட்டியும் நண்பகல் சூரியன் இங்கே நேர் உச்சியில் நிற்கிறது. இடைப்பட்ட நான்கரை மாதங்களில் உச்சிக்கு வடக்கேயும் எஞ்சிய மாதங்களில் தெற்கேயும் சாய்ந்து செல்கிறது. எனவே வீட்டின்மீது இறங்கும் வெப்பத்தில் பெரும்பங்கை ஏற்பது கூரைதான். அதற்கு அடுத்தபடியாகச் சாய்வெயில் படும் கிழக்குச் சுவரும், பகல் முழுதும் காய்ந்த காற்றோடு மாலை வெயிலையும் சேர்த்து வாங்கும் மேற்குச் சுவரும் சூடேறுகின்றன. இந்த நிலத்தில் ஒரு வீடு நல்ல வீடா என்பதை முதலில் தீர்மானிப்பது அதன் கூரையே.

இரண்டாவது நிபந்தனை காற்று. மேற்குத் தொடர்ச்சி மலை தெற்கே முடிவுறும் இடத்தில், ஆரல்வாய்மொழியில் ஒரு கணவாய் திறந்திருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையை மலைக்கு மேற்கே கொட்டித் தீர்த்துவிட்டு, அந்தக் குறுகிய இடைவெளியில் நெருக்குண்டு, வேகம் பெற்று, ஈரமற்ற காற்றாக, கூடங்குளம் அமைந்துள்ள இராதாபுரம் சமவெளியில் பாய்கிறது. முப்பந்தல் முதல் கடற்கரை வரை காற்றாலைகள் அடுக்கடுக்காக நிற்பதற்கு இதுவே காரணம். தமிழ் மரபு கிழக்கிலிருந்து வருவதைக் கொண்டல் என்றும், வடக்கிலிருந்து வருவதை வாடை என்றும், தெற்கிலிருந்து வருவதைத் தென்றல் என்றும், மேற்கிலிருந்து வருவதைக் கோடை என்றும் பிரித்துப் பெயரிட்டது. மேல்காற்றைக் கடலோடிகள் கச்சான் என்கிறார்கள். பெயர் வேறுபட்டாலும், வாசலை எந்தத் திசையில் வைப்பது, அடுப்பை எங்கே மூட்டுவது, எந்தச் சுவரில் சன்னலைச் சிறிதாக்குவது என்பவற்றையெல்லாம் தீர்மானிக்கும் அளவுக்குக் காற்றின் குணம் அறியப்பட்டிருந்தது.

மூன்றாவது நிபந்தனை மண். இப்பகுதியிலும் அண்டையிலுள்ள தூத்துக்குடி மாவட்டத்திலும் பரவிக் கிடக்கும் செம்மணல் மேடுகளுக்குத் தேரி என்று பெயர். ஆனி, ஆடி மாதங்களில் காற்று இந்த மணலை வாரி இறைக்கிறது. நீர் தேங்காத, ஒட்டும் தன்மை குறைந்த இந்த மணலைக் கொண்டு சுவர் வைப்பதும் கடினம். கரையை நெருங்க நெருங்க உப்புக்காற்று நான்காவது நிபந்தனையாகச் சேர்ந்துகொள்கிறது. உச்சி வெயில், ஓயாத மேல்காற்று, பறக்கும் மணல், அரிக்கும் உப்பு என்ற இந்த நான்குக்கும் ஒருங்கே ஈடுகொடுக்கும் வீட்டை, கிடைத்த சொற்பப் பொருள்களைக் கொண்டு கட்டியாக வேண்டிய நிலையில் இந்தப் பகுதி மக்கள் இருந்தார்கள்.

பனை கட்டிய வீடு

அவர்களுக்குக் கிடைத்த பெரும்பொருள் பனை. திசையன்விளை போன்ற ஊர்ப் பெயர்களின் இறுதியில் வரும் விளை என்ற சொல் பனையும் பிற மரங்களும் நிற்கும் தோட்ட நிலத்தைக் குறிப்பது. ஊரின் பெயரே மரத்தின் நிழலில் பிறந்ததைக் காட்டுவது. முதிர்ந்து வைரம் பாய்ந்த பனையைப் பிளந்தால் புறப்பகுதி கருத்து இறுகிய மரமாகவும் உட்பகுதி சோற்றுத்தன்மையுள்ளதாகவும் இருக்கும். உட்பகுதியை நீக்கிய புறமரம் உத்திரமாகவும், கூரையின் சரிவைத் தாங்கும் நீண்ட சட்டங்களான கைமரங்களாகவும் பயன்பட்டது. ஓலை கூரைக்கும், நார் கட்டுவதற்கும், மட்டை வேலிக்கும் படலுக்கும் ஆயின. ஒரு மரத்தின் எந்தப் பகுதியும் வீணாகாமல் ஒரு வீடாக எழுந்ததற்கு இதைவிடத் தெளிவான சான்று தமிழகத்தில் அரிது.

பனையோலைக் கூரையின் நுட்பம் அதன் அடுக்கில் இருக்கிறது. இறவாரத்திலிருந்து முகடு நோக்கி, ஒன்றின்மேல் ஒன்று படியுமாறு வேயப்படும் ஓலைகளுக்கு இடையே சிறுசிறு காற்று அறைகள் அமைந்துவிடுகின்றன. அசையாத காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது என்பதால், உச்சிவெயில் மேலோலையைச் சுட்டாலும் உள்ளே இறங்குவதில்லை. சூடான காற்று கூரையின் இடுக்குகள் வழியே மெல்ல வெளியேறவும் முடிகிறது. கூரையின் கனம் குறைவு என்பதால் அது பகல் வெப்பத்தைச் சேமித்து வைப்பதில்லை. பொழுது சாய்ந்து கடற்காற்று வீசத் தொடங்கிய சிறிது நேரத்தில் வீடு குளிர்ந்துவிடுகிறது.

கூரையின் வடிவமும் காற்றுக்கு இணங்கியதே. நிலத்தை நோக்கித் தாழ்ந்து இறங்கும் கூரையின் விளிம்பு, சுவரை வெயிலிலிருந்தும் மழைச் சாரலிலிருந்தும் காப்பதோடு, காற்று கூரைக்கு அடியில் புகுந்து தூக்கிவிடாமலும் தடுக்கிறது. அந்தத் தாழ்ந்த விளிம்பின் கீழுள்ள இடத்துக்குத் தாழ்வாரம் என்றே பெயர் அமைந்தது. கரையோர மீனவர் குடியிருப்புகளில் பழைய வலையைக் கூரைமேல் போர்த்திக் கட்டிவிடும் வழக்கமும் காற்றுக்கு எதிரான எளிய பொறியியலே. ஊரைச் சுற்றி வளர்ந்த உடைமரங்கள், அதாவது குடைபோல் மேற்புறம் பரந்து நிற்கும் வேல மர வகை, பறந்துவரும் மணலின் வேகத்தைத் தணித்தன. பதநீர் காய்ச்சும் பருவத்தில் பனங்காட்டுக்குள்ளேயே அமைக்கப்படும் விடிலி என்ற சிறு குடில், இந்தக் கட்டுமான அறிவின் மிகச் சுருங்கிய வடிவம். சில நாட்களில் கட்டி, பருவம் முடிந்ததும் பிரித்துவிடக்கூடிய அந்தக் குடிலில் நெருப்பின் புகையும் வெக்கையும் வெளியேற வழியும், மேல்காற்றுக்கு மறைப்பும் ஒருசேர அமைந்திருந்தன.

வசதி படைத்தோர் கல்லாலும் செங்கல்லாலும் சுவர் எழுப்பியபோதும் பனை விலகிவிடவில்லை. சுண்ணாம்புக் கல்லையும் கடற்சிப்பியையும் காளவாயில் சுட்டு நீற்றிய சுண்ணாம்பை மணலோடு அரைத்துச் சாந்தாக்கும்போது, கடுக்காய் ஊறிய நீரும் கருப்பட்டிக் கரைசலும் சேர்க்கப்பட்டன. காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சி மெல்ல மெல்ல மீண்டும் கல்லாக இறுகுவது சுண்ணாம்பின் இயல்பு. அது வரை சாந்து இழுபட்டு, வெடிக்காமல் பிடித்திருக்க இந்தச் சேர்மானங்கள் உதவின. இரும்பு இல்லாத அந்தச் சுவரில் உப்புக்காற்று அரிப்பதற்கு ஏதும் இல்லை. கூரைக்கு ஓலையும் உத்திரத்துக்கு மரமும் தந்த அதே பனை, சுவரின் சாந்துக்கு இனிப்பும் தந்தது.

ஆற்றங்கரையும் மலைச்சாரலும்

தேரியிலிருந்து வடக்கே தாமிரபரணிப் பள்ளத்தாக்கை அடைந்தால் வீட்டின் இலக்கணமே மாறிவிடுகிறது. நெல் விளையும் வண்டல் நிலத்தில் குடியிருப்புக்கு ஒதுக்கக்கூடிய மனை சிறியது. அதனால் அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி போன்ற ஊர்களில் வீடுகள் பக்கச் சுவர்களைப் பகிர்ந்துகொண்டு, முகப்பில் குறுகியும் பின்புறம் நீண்டும் அமைந்தன. தெருவிலிருந்து ஏறினால் திண்ணை, அடுத்து வெளிக்கூடமான தார்சா, அதையடுத்து வீட்டின் நடுக்கூடமான பட்டாசல், பின்னர் அடுக்களை, பாத்திரம் கழுவுவதற்கென ஒரு மூலையில் தாழ்த்திக் கட்டப்பட்ட அங்கணம், முடிவில் கிணறும் மரங்களும் நிற்கும் புறவாசல் என்று அந்த வரிசை செல்லும். பக்கச் சுவர்கள் ஒன்றையொன்று நிழலில் வைத்துக்கொள்வதால் வெயில் படும் பரப்பு பெரிதும் குறைகிறது. தெருவாசலும் புறவாசலும் ஒரே கோட்டில் அமைவதால் காற்று குறுக்கே தடையின்றி ஓடுகிறது. நடுவிலுள்ள முற்றம் சூடான காற்றை மேலே விடுகிறது. பல சிறு வீடுகள் ஒரு பொது முற்றத்தைச் சுற்றி அமைந்த குடியிருப்பை நெல்லை மக்கள் வளவு என்றார்கள். நிழலையும் கிணற்றையும் பகிர்ந்து வாழும் ஏற்பாடு அது.

அங்கே மாடித் தளமும் தட்டட்டி என்று வழங்கிய மேல்தளமும் உத்திரங்களை நெருக்கமாக இட்டு, மெல்லிய செங்கற்களை நிறுத்தி அடுக்கி, சுண்ணாம்புச் சாந்தால் இறுக்கிக் கட்டப்பட்டன. கட்டுமானத் துறையினர் மெட்ராஸ் டெரஸ் என்று குறிப்பிடும் இந்த முறையில் தளத்தின் கனம் அதிகம். பகல் வெப்பம் அதைக் கடந்து உள்ளே வருவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். கனமற்ற ஓலைக் கூரை ஒரு வழியில் சாதித்ததைக் கனத்த சுண்ணாம்புத் தளம் வேறொரு வழியில் சாதித்தது.

மேற்கே மலைக்குள் சென்றால் விடை மீண்டும் மாறுகிறது. பாபநாசத்துக்கு மேலேயுள்ள காட்டில் மயிலாறு, சேர்வலாறு, இஞ்சிக்குழி போன்ற இடங்களில் வாழும் காணி மக்கள், ஈத்தல் என்ற மலைநாணலைக் கொண்டு தட்டியும் கூரையும் அமைத்தனர். யானைக்கு அஞ்சி மரத்தின்மேல் ஏறுமாடம் கட்டினர். மலைக்கு அப்பால், கூடங்குளத்திலிருந்து ஐம்பது கிலோமீட்டர் அளவிலேயே உள்ள பத்மநாபபுரம் அரண்மனையில், இரு பருவமழைகளையும் தாங்கும் செங்குத்தான ஓட்டுக் கூரைகளும், சுவருக்கு வெளியே நீண்டு இறங்கும் விளிம்புகளும், ஈரக்காற்று ஊடுருவும் மரச் சாளரங்களும் காணப்படுகின்றன. ஒரு நாள் பயணத்துக்குள் அடங்கும் இந்தச் சிறு பரப்பில் மலைக்கொரு வீடு, ஆற்றுக்கொரு வீடு, தேரிக்கொரு வீடு, கடலுக்கொரு வீடு என்று நான்கு வகை விடைகள் இருந்தன. நிலத்தைத் திணைகளாகப் பகுத்து வாழ்க்கையை விளங்கிக்கொண்ட மரபின் கட்டுமான வடிவம் என்று இதைக் கொள்வது மிகையாகாது.

குடிசையின் மறுபக்கம்

இவ்வளவு நுட்பம் இருந்தும் மக்கள் ஏன் அந்த வீடுகளைக் கைவிட்டார்கள் என்ற கேள்விக்கு நேர்மையாக விடை காணாமல் மரபைப் போற்றுவது பயனற்றது. ஓலைக் கூரையைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றியாக வேண்டும். ஒரு தீப்பொறி தெருவையே எரித்துவிடும். பாம்பும் தேளும் பூச்சியும் ஓலைக்குள் குடியேறும். இவற்றைவிட ஆழமான காரணம் ஒன்றும் உண்டு. இப்பகுதியை ஒட்டியிருந்த தெற்குத் திருவிதாங்கூரில், ஒடுக்கப்பட்ட சாதியினர் ஓடு வேயவும் மாடி எழுப்பவும் 19-ஆம் நூற்றாண்டு வரை தடைகள் இருந்தன. அத்தகைய வரலாற்றைக் கொண்ட நிலத்தில் ஓலைக் கூரை இயற்கையோடு இணைந்த தேர்வாக மட்டும் இருக்கவில்லை. பலருக்கு அது சுமத்தப்பட்ட அடையாளம். எனவே தலைக்கு மேல் உறுதியான கூரை வேண்டும் என்ற ஏழையின் விருப்பத்தில் பொருளாதாரத்தோடு தன்மானமும் கலந்திருக்கிறது. அந்த விருப்பத்தைக் குறைத்துப் பேசும் உரிமை யாருக்கும் இல்லை. குடிசைக்குத் திரும்புவதல்ல தேவை. குடிசையும் வளவு வீடும் கற்றுவைத்திருந்த அறிவை உறுதியான வீட்டுக்குள் கொண்டுவருவதே தேவை.

ஒரே அச்சின் விலை

கட்டுமானத்தின் போக்கை மாற்றிய சிமென்டும் நெல்லைக்குப் புறத்தே பிறந்ததன்று. கல்லிடைக்குறிச்சியைச் சேர்ந்த எஸ்.என்.என். சங்கரலிங்க ஐயரின் முன்முயற்சியில் உருவான இந்தியா சிமென்ட்ஸ் நிறுவனம், தன் முதல் ஆலையை 1949-இல் திருநெல்வேலியை அடுத்த தாழையூத்தில் நிறுவியதற்குக் காரணம் இங்கேயுள்ள சுண்ணாம்புக் கல்தான். ஊர்க் காளவாயில் நீறாகிய கல், ஆலைச் சூளையில் சிமென்டாகியது. அது தந்த விரைவும் உறுதியும் மறுக்க முடியாதவை. ஆனால் எல்லா நிலத்துக்கும் ஒரே வீடு என்ற மனப்போக்கையும் அது கூடவே கொண்டுவந்தது.

அரசு கட்டித்தந்த தொகுப்பு வீடுகளில் அந்த மனப்போக்கு முழுமையாக வெளிப்பட்டது. மலையடிவாரத்திலும் ஆற்றங்கரையிலும் தேரியிலும் கடலோரத்திலும் அதே சதுரம், அதே தட்டைத் தளம். சுண்ணாம்புத் தளத்தைவிடத் தடிமன் குறைந்த இரும்பு–கான்கிரீட் தளம் பகல் முழுதும் உச்சி வெயிலை வாங்கி, மாலையில் அதை அறைக்குள் இறக்குகிறது. மக்கள் உறங்கவேண்டிய நேரத்தில்தான் வீடு மிகவும் புழுங்குகிறது. இறவாரம் இல்லாத சுவர் நேரடியாகச் சுடுகிறது. கடலோரத்தில் உப்பு கான்கிரீட்டின் நுண்துளைகள் வழியே உட்புகுந்து கம்பியைத் துருப்பிடிக்கச் செய்கிறது. துரு, இரும்பைவிடப் பன்மடங்கு இடத்தை அடைத்துக்கொள்வதால் தளத்தின் அடிப்புறம் வெடித்து உதிர்கிறது. 2001-க்கு முன்பு அரசுத் திட்டங்களின் கீழ் கட்டப்பட்ட ஊரக வீடுகளைப் பழுதுபார்ப்பதற்கென்றே 2024-இல் தமிழக அரசு தனித்திட்டம் வகுக்க நேர்ந்தது கவனிக்கத்தக்கது.

2004 டிசம்பர் 26-இல் கடற்கோள் தாக்கிய பின், கூடங்குளத்தை அடுத்த இடிந்தகரை உட்படக் கரை நெடுகிலும் சுனாமி காலனிகள் எழுந்தன. பாதுகாப்பான வீடு வேண்டும் என்ற தேவை உண்மையானது. எனினும் மறுகட்டுமானத்தின்போது நாகப்பட்டினம் கடற்கரையில், சேதமடையாத மரபு வீடுகள் இடிக்கப்பட்டதையும் நிழல் மரங்கள் வெட்டப்பட்டதையும் ஆய்வாளர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள். வலை பின்னவும் மீன் உலர்த்தவும் குழந்தைகள் விளையாடவும் இடம் தந்த மர நிழலையும் தாழ்வாரத்தையும் எந்த மதிப்பீட்டுப் பட்டியலும் கணக்கில் சேர்க்கவில்லை.

இதற்கு உலக அளவிலான விலையும் உண்டு. மனிதச் செயல்களால் வெளியாகும் கரியமில வாயுவில் ஏறத்தாழ 7 முதல் 8 சதவீதம் சிமென்ட் உற்பத்தியிலிருந்து வருகிறது. சூடேறும் வீடு மின்விசிறியையும் குளிர்சாதனத்தையும் வேண்டுகிறது. அவை மேலும் மின்சாரத்தை வேண்டுகின்றன. பல மாநிலங்களுக்கு மின்சாரம் வழங்கும் ஊரில், மின்சாரம் நின்றால் இருக்க முடியாத வீடுகள் பெருகியிருப்பது சிந்திக்க வேண்டிய முரண்.

செய்ய வேண்டியவை

வழிகாட்டிகள் தொலைவில் இல்லை. அண்டையிலுள்ள திருவனந்தபுரத்தில் வாழ்ந்து 2007-இல் மறைந்த கட்டடக் கலைஞர் லாரி பேக்கர், கான்கிரீட் தளத்துக்குள் ஓடுகளைப் பதித்து, சிமென்டையும் கம்பியையும் குறைத்து, வெப்பத்தையும் தணிக்கும் தளத்தைப் பரவலாக்கினார். புதுச்சேரியை அடுத்த ஆரோவிலில் 1989 முதல் இயங்கும் மண் கட்டுமான நிறுவனம், சூளையில் சுடாத, அழுத்திச் செய்த மண் கற்களைக் கொண்டு பல மாடிக் கட்டடங்களையே எழுப்பிக் காட்டியிருக்கிறது. எச்சரிக்கையும் உண்டு. எகிப்தில் 1940-களில் ஹசன் ஃபாத்தி மரபு முறையில் அழகுற எழுப்பிய புதிய குர்ணா என்ற சிற்றூரில், யாருக்காக அது கட்டப்பட்டதோ அந்த மக்களில் பெரும்பாலோர் குடியேற மறுத்துவிட்டார்கள். குடியிருப்போரின் பிழைப்பையும் விருப்பத்தையும் கேட்டறியாத எந்தக் கட்டுமானமும், அது மண்ணாலானதாயினும், திணிப்பாகவே முடியும்.

தமிழக அரசு 2024-இல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் திட்டம், 2030-க்குள் 8 லட்சம் வீடுகளைக் கட்ட இலக்கு வைத்து, வீட்டுக்கு 3.50 லட்சம் ரூபாய் ஒதுக்கியது. 360 சதுர அடி வீட்டில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் தளம் வேண்டும் என்றும், எஞ்சிய 60 சதுர அடியைத் தீப்பற்றாத பொருளால் சாய்கூரையாக அமைக்கலாம் என்றும் அதன் விதி கூறுகிறது. இராதாபுரம், திசையன்விளைப் பகுதிகளில் அந்த 60 சதுர அடியை மேற்குச் சுவரை நிழலில் வைக்கும் ஓட்டுத் தாழ்வாரமாக வடிவமைத்துத் தந்தால், கூடுதல் செலவின்றியே வீட்டின் புழுக்கம் குறையும். 300 சதுர அடித் தளத்தில் ஓடு பதிக்கும் முறையையும் வெள்ளைச் சுண்ணாம்புப் பூச்சையும் விதிமுறையாகச் சேர்க்கலாம். மத்திய அரசின் பிரதமர் வீட்டுத் திட்டத்துக்காகப் பல மாநிலங்களுக்கு நிலத்துக்கேற்ற மாதிரி வீடுகள் ஏற்கெனவே தொகுக்கப்பட்டுள்ளன. திருநெல்வேலி ஒரே மாவட்டத்துக்குள் மலைக்கும் ஆற்றுக்கும் தேரிக்கும் கடலுக்கும் தனித்தனி மாதிரிகளைக் கேட்பதற்கு நியாயம் உண்டு.

2018-இல் வெளியான எக்கோ நிவாஸ் சம்ஹிதா என்ற மத்திய அரசின் குடியிருப்பு எரிசக்தி விதித்தொகுப்பு, கூரை வழியே வெப்பம் இறங்குவதற்கு உச்சவரம்பு விதித்தது. வெறும் கான்கிரீட் தளத்தால் அந்த வரம்புக்குள் நிற்க முடியாது. ஆனால் அது 500 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள மனைகளையே கருத்தில்கொண்டது. வெயிலில் மிகவும் வாடும் சிறு வீட்டுக்காரருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. அரசு தன் பணத்தில் கட்டும் வீடுகளுக்கேனும் அந்த வரம்பைத் தானே ஏற்றுக்கொள்ள வேண்டும்.

சுண்ணாம்புச் சாந்து அறிந்த கொத்தனார்களும் பனையைப் பிளந்து சட்டமாக்கத் தெரிந்த தச்சர்களும் அருகிவருகிறார்கள். மாநில மரமான பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021-இல் முதல் வேளாண் நிதிநிலை அறிக்கை அறிவித்தது வரவேற்கத்தக்கது. எனினும் காக்கப்படும் மரத்தோடு அதைப் பயன்படுத்தும் கைத்திறனும் காக்கப்பட வேண்டும். மாவட்டத்திலுள்ள தொழிற்பயிற்சி நிலையங்களும் பொறியியல் கல்லூரிகளும், எஞ்சியிருக்கும் வளவு வீடுகளையும் பனங்கூரைகளையும் அளந்து, வரைந்து, அவற்றைக் கட்டியவர்களிடமே பாடம் கேட்டுப் பதிவுசெய்யத் தொடங்குவதற்கு இனியும் காலம் தாழ்த்தக் கூடாது.

வீடு கட்டத் தொடங்கும் ஒவ்வொரு குடும்பமும் வரைபடம் எழுதும் முன் தன் ஊர்ப் பெரியவர்களிடம் மூன்றே கேள்விகளைக் கேட்டால் போதும்: ஆடிக்காற்று எங்கிருந்து வரும், மாலை வெயில் எங்கே விழும், மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும். அந்த மூன்றுக்கும் விடை தரும் வீடே இந்த நிலத்துக்குரிய வீடு.